வெயிலில் விழுந்த கோடு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் நாலைந்து கிலோமீட்டர் போனால், இடப்பக்கம் ஒரு பழைய அரிசி ஆலையின் புகைபோக்கி தெரியும். அங்கே நெல் அவித்து இருபது வருடமாகிறது. இப்போது அந்தக் கட்டடத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்து, பருப்பைத் தரம் பிரித்து, மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, விழுப்புரத்திலிருந்து பைக்கில் வந்த புகழேந்தி அதன் வாசலில் இறங்கினான். வெயில் மண்டையைப் பிளந்தது. களத்தில் காயப்போட்ட மல்லாட்டையைக் காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. பயப்பட அங்கே ஒன்றும் இல்லை.

இருந்தும் வண்டிச் சாவியை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒன்றரை வருடமாக இந்தச் சாலைப் பக்கமே தலைவைக்காமல் இருந்தவன் அவன்.

"வாங்க சார்," என்று சூப்பர்வைசர் தென்னரசு எதிரே வந்தான். "நீங்க போன எடுக்கறதுக்குள்ள ரெண்டு அமாவாச வந்துட்டுப் பூடும் போலக்குது."

"வேல இருந்துது. இன்னா பிரச்சன?"

"கோடு சார். ஸ்கிரீன்ல கறுப்பா ஒரு பட்ட. மேலேர்ந்து மெதுவா எறங்கி நடுவுல வந்து நின்னுக்குது. நல்ல பருப்பயெல்லாம் சொத்தன்னு ஊதித் தள்ளுது. ஒரே பேஜாரு. மொதலாளி என் உசுர எடுத்துக்கினு இருக்காரு."

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கெழம. மிஷினுக்குப் புது ஆளு போட்டோம். அன்னிலேர்ந்துதான். ஆளு ராசி பாருங்க."

தரம் பிரிக்கும் அறை கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. சன்னல்களுக்குக் கறுப்பு பெயின்ட், கதவுக்குக் கறுப்புத் தார்ப்பாய். இரண்டையும் போடச் சொன்னவன் புகழேந்திதான். தார்ப்பாயை விலக்கி உள்ளே போனதும் பட்டப்பகல் அறுந்து விழுந்தது. சூடான எண்ணெய்ப் பருப்பின் வாசனையும் கோணித்தூசும் மூக்கில் ஏறின. அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. நனைந்த இரும்பு வாசனை. தரையில் ஈரம் எதுவும் இல்லை.

பருப்பு ஓடும் பெல்ட்டுக்கு மேலே, சொத்தையைக் கண்டுபிடிக்கும் கேமரா. கேமராவைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகள். பெல்ட்டின் தலைமாட்டில் ஆறு தகடுகள் வைத்த துடுப்புச் சக்கரம். மேலிருந்து கொட்டும் பருப்பை வாரிச் சமமாக விசிறுவது அதன் வேலை.

அந்தக் கேமரா ஒரு படத்தை மொத்தமாக எடுக்காது. ஏடு படிப்பவனைப் போல மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரி வரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போகும். வாசிக்கும்போது வெளிச்சம் துடித்தால் சில வரிகள் இருட்டாகும். படத்தில் பட்டை விழும். அதற்கு ஒரு வழி உண்டு. எல்லா வரிகளும் சேர்ந்து கண் திறந்திருக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் மட்டும் விளக்கை மின்ன வைக்க வேண்டும். விநாடிக்கு முப்பது படம், முப்பது மின்னல். வேறு வெளிச்சம் ஒரு துளியும் அறைக்குள் இருக்கக் கூடாது. அதைப் புகழேந்தி இந்த மாவட்டத்தில் எவனையும்விட நன்றாகச் செய்வான் என்று பேர் வாங்கியிருந்தான்.

இங்கே அவன் இன்னொன்றும் செய்திருந்தான். துடுப்பின் நிழல் படத்துக்குப் படம் இடம் மாறிக் கணக்கைக் குழப்பியது. சக்கரத்தின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மின்னலோடு பொருத்தினான். ஒவ்வொரு முறை விளக்கு மின்னும்போதும், முன்பு ஒரு தகடு இருந்த இடத்தில் சரியாக அடுத்த தகடு வந்து நின்றது. நிழல் ஒரே இடத்தில் உறைந்தது. அன்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வெளிச்சத்தில், ஓடுகிற சக்கரம் நின்றுபோன சக்கரமாகத் தெரியும்.

அப்போது மிஷினில் நின்றவள் சவுரியம்மாள். நாற்பத்தைந்து வயது. மல்லாட்டை உரித்து உரித்துத் தோல் கிழிந்த ஆட்காட்டி விரலில் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் ஒன்றை எப்போதும் மாட்டியிருப்பாள். "தம்பி, இந்த லைட்டு கண்ணக் குத்துது. பழைய டியூப்லைட்டு ஒண்ணாவது இருக்கட்டுமே," என்று கேட்டாள். "அது இருந்தா கோடு வரும்மா," என்று சொல்லி, ஏணி போட்டு ஏறி, இருந்த ஒரே டியூப்லைட்டையும் கழற்றினான். அவள்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சக்கரத்தில் கோணி நார் சிக்கியிருந்ததைப் பார்த்து, நின்றுகிடக்கிறதென்று கையை விட்டாள். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் ஆம்புலன்ஸிலேயே உயிர் போனது. ஓடும் இயந்திரத்தில் தொழிலாளி கவனமின்றிக் கையை விட்டார் என்று விசாரணை அறிக்கையில் எழுதினார்கள். விளக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு அவன் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு சக்கரத்துக்கு ஒரு கம்பி வலை போட்டார்கள்.

இப்போது அந்த வலை சுவரோரம் சாய்ந்திருந்தது.

"கோடு வருதேன்னு கழட்டிப் பாத்தோம் சார்," என்றான் தென்னரசு. "சக்கரத்த நிறுத்தச் சொல்றேன். நீங்க பாருங்க. ஜல்தி முடிச்சிக் குடுங்க." தார்ப்பாய் விழுந்தது.

புகழேந்தி ஸ்கிரீன் முன் உட்கார்ந்தான். பட்டை இருந்தது. கையகலம், கன்னங்கரேல். விளக்கைக் கேமராவோடு இணைக்கும் வயரை ஸ்க்ரூடிரைவரால் முடுக்கிப் பார்த்தான். மின்னும் நேரத்தை ஒரு முடி முன்னே தள்ளினான், பின்னே தள்ளினான். நேரத்தை நகர்த்தினால் பட்டையும் நகர வேண்டும். இது நகரவில்லை.

"டீ, சார்."

திடுக்கிட்டுத் திரும்பினான். தலையில் துண்டு கட்டிய பெண், இருபது இருபத்திரண்டு வயது. டம்ளரை வைத்துவிட்டு நின்றாள்.

"நான் ஜெசிந்தா. மிஷின்ல புது ஆளு. சவுரியம்மா பொண்ணு."

அவன் டம்ளரைத் தொடவில்லை.

"நீங்கதான இந்த லைட்டப் போட்டவரு? ஒண்ணு கேக்கணும் சார். எங்கம்மா தானாத்தான் கைய வுட்டுக்கிச்சின்னு ஊர்ல பேசறாங்க. ஓடற மிஷின்ல யாராவது தெரிஞ்சே வுடுவாங்களான்னு கேக்கறாங்க. மாதா கோயில்ல அம்மா பேருக்குப் பூச வெச்சா, பின்னாடி நின்னுக்கினு முணுமுணுக்கறாங்க, தற்கொலைக்கு இன்னாடி பூசன்னு. அதான் நானே கேட்டு இந்த வேலைக்கு வந்தேன். எப்பிடித்தான் நடந்துச்சுன்னு பாத்துறலாம்னு. நீங்க மிஷின் தெரிஞ்சவரு. சொல்லுங்க. அப்ப சக்கரம் நின்னுக்கினு இருந்துச்சா, ஓடிக்கினு இருந்துச்சா?"

"ஓடிக்கினுதாம்மா இருந்துச்சு," என்றான் புகழேந்தி.

அது உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை அவன் வாழ்நாளில் சொன்னதில்லை.

அவன் தொடாத டம்ளரை அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு தார்ப்பாயை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் ஸ்கிரீன் பக்கம் திரும்பினான்.

பட்டை அகலமாகியிருந்தது.

அதற்குள் என்னவோ இருந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். வெளிச்சம் விழாத வரியில் கேமராவுக்கு எதுவும் பதியாது. இது அவன் தொழிலின் முதல் பாடம். பட்டைக்கு மேலேயும் கீழேயும் வெறும் பெல்ட்தான் தெரிந்தது. பட்டைக்குள்ளே, கறுப்பிலும் கறுப்பாக, விரித்த கை ஒன்று.

உள்ளங்கை அவனைப் பார்த்து இருந்தது.

ஆட்காட்டி விரலின் அடியில் ஒரு தடித்த வளையம்.

நாற்காலி பின்னால் சாய, எழுந்தான். பெல்ட்டைப் பார்த்தான். அங்கே கை இல்லை. ஸ்கிரீனைப் பார்த்தான். பட்டை மட்டும். கண் பித்தலாட்டம் பண்ணுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். பக்கத்து அறையில் உடைக்கும் மிஷின்கள் போட்ட இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் சக்கரத்தின் மேல்தகடு நுனியில் அதைக் கண்டான். கறுப்பு ரப்பர் வளையம். தகட்டில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.

யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். அது மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது. தென்னரசு சக்கரத்தை நிறுத்திவிட்டானே. தகடுகள் அசையாமல் நின்றன. கையை நீட்டினான்.

"ஓடுது தம்பி."

காதுக்கு வெகு அருகில். அந்த இரைச்சலில் கத்தினாலே கேட்காது. அந்தக் குரல் கத்தவில்லை.

"கைய எடு."

சட்டைக் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அவன் பின்னால் விழுந்தான். விழும்போது கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவித் தகடுகளுக்கு நடுவே போனது. அசையாமல் நின்ற அந்தத் தகடுகள் அதைப் பிடுங்கி, வளைத்து, எதிர்ச்சுவரில் துப்பின.

சக்கரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தச் சொல்கிறேன் என்று போனவன் நிறுத்தச் சொல்லவே இல்லை.

புகழேந்தி தரையில் கிடந்தபடி பார்த்தான். இப்போதும் அது நின்றதாகவே தெரிந்தது. அந்தப் பொய்யைக் கட்டியவன் அவன். உலகத்தில் அதை அறிந்த ஒரே ஆள். அவன் கண்ணே அதை நம்பியிருந்தது. படிக்காத ஒரு பொம்பளை எப்படி நம்பாமல் இருந்திருப்பாள்? அவனுக்குச் சொல்ல ஒரு குரல் இருந்தது. அவளுக்கு அதை யார் சொன்னார்கள்?

தகட்டு நுனியில் ரப்பர் இல்லை.

எழுந்து பழைய வயரைப் பிடுங்கிப் பையிலிருந்த புதிய வயரை மாட்டினான். பட்டை மெல்ல மேலே ஏறி மறைந்தது. வயரால்தான் மறைந்தது என்று நினைத்துக்கொள்ள அவனுக்கு ஆசையாக இருந்தது. நினைத்துக்கொண்டான்.

வெளியே தென்னரசும் ஜெசிந்தாவும் நின்றிருந்தார்கள்.

"இன்னா சார் கோளாறு?"

ஜெசிந்தா அவன் முகத்தையே பார்த்தாள். உண்மை வாய் வரை வந்தது.

"வயர் லூசு," என்றான். "சரியாயிடுச்சு. ஓட்டலாம்."

"ஏ ஜெசிந்தா, உள்ள போ. லோடு நிக்குது," என்றான் தென்னரசு.

அவள் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு இருட்டுக்குள் போனாள். வலை சுவரோரம் சாய்ந்தபடியே இருந்தது. புகழேந்தி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் எதையும் யோசிக்காமல் வந்துவிட்டான். ஓரத்து டீக்கடையில் நிறுத்தினான். இரண்டரை மணி வெயில். லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஏதாவது வேலை செய்தால் தேவலை என்று, கழற்றிய வயரைப் பெஞ்சில் வைத்து, அதன் நம்பரைப் படம் எடுக்க போனை நீட்டினான்.

போன் ஸ்கிரீனின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை.

போனைத் துடைத்தான். அணைத்துப் போட்டான். டோல்கேட் பக்கம் திருப்பினான், வானத்துப் பக்கம் திருப்பினான். பட்டை மேலிருந்து மெதுவாக இறங்கி நடுவில் வந்து நின்றது.

விளக்கு துடிக்கும். டியூப்லைட் துடிக்கும்.

வெயில் துடிக்காது.

"இன்னா சார், போன் அவுட்டா?" என்றான் டீ ஆற்றியவன்.

புகழேந்திக்கு அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமையிலிருந்து பட்டை. திங்கட்கிழமைதான் ஜெசிந்தா மிஷினுக்கு வந்தாள். பட்டை விழுந்தவரை மிஷினை ஓட்ட முடியவில்லை. ஓட்ட முடியாதவரை அந்தப் பெண்ணின் கை பத்திரமாக இருந்தது. செத்தும் ஒருத்தி வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவன் போய் அவளை விலக்கிவிட்டு, வலையும் போடாமல், மகளை உள்ளே அனுப்பிவிட்டு வந்திருக்கிறான்.

தென்னரசுக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

வண்டியைத் திருப்பினான்.

அந்த முப்பது கிலோமீட்டரை எப்படிக் கடந்தான் என்று பின்னால் கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். கத்திய தென்னரசைத் தள்ளிவிட்டுத் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனான்.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தகடுகள் அசையாமல் நின்றன. நடுவே கோணி நார் ஒன்று சிக்கியிருந்தது.

ஜெசிந்தா அதை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றாள்.

கைக்கும் தகட்டுக்கும் ஒரு சாண்.

அவள் அசையவில்லை. அவன் அவள் பக்கத்தில் போனான். அவள் முகமெல்லாம் வியர்வை. தலையைத் திருப்பாமல் பேசினாள்.

"சார். கை வரமாட்டேங்குது."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நேரமா. யாரோ புடிச்சுக்கினு இருக்காங்க சார்."

புகழேந்தி போன் டார்ச்சைப் போட்டுச் சக்கரத்தின் மேல் அடித்தான். துடிக்காத வெளிச்சம் பட்டதும் நின்றிருந்த தகடுகள் கலைந்து ஒரே சாம்பல் சுழலாக மாறின. ஜெசிந்தா அலறினாள். அந்தக் கணமே அவள் கை விடுபட்டது. அவளைப் பின்னால் இழுத்துவிட்டு, மிஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தான். சக்கரம் இரண்டு மூச்சு நேரம் சுற்றி நின்றது. அவள் மணிக்கட்டில் நாலு விரல் தடம் சிவந்திருந்தது.

களத்தில், வெயிலில், வேலையாட்கள் கூடிவிட்டார்கள்.

"ஒங்கம்மாவுக்கும் சக்கரம் நின்ன மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்," என்றான் புகழேந்தி முணுமுணுப்பாக.

"சத்தமா சொல்லுங்க சார்," என்றாள் ஜெசிந்தா. அவள் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். "எங்க ஜனங்க கேக்கணும்."

"சார், இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்," என்றான் தென்னரசு. "மொதலாளிக்குத் தெரிஞ்சா…"

"வுடு தென்னரசு." புகழேந்தி போனைப் பார்த்துப் பேசினான். "சவுரியம்மா தானா கைய வுடல. ஓடற சக்கரம் அந்த லைட்டுல நின்ன மாதிரித் தெரியும். அப்பிடித் தெரியற மாதிரி வெச்சது நான். டியூப்லைட்டு வேணும்னு அந்தம்மா கேட்டாங்க. கழட்டுனது நான். எல்லாம் தெரிஞ்சும் சும்மா இருந்தேன். இன்னிக்குக் காலையில அவங்க பொண்ணு கேட்டப்பகூட மறச்சேன்."

மூட்டை தைக்கும் சின்னபொண்ணு வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "ஒன்ர வருசமா இத வயித்துல வெச்சுக்கினா சோறு துன்ன?" என்று கேட்டாள்.

தின்றான். அதுதான் உண்மை. அவன் தலை நிமிரவில்லை.

அன்று சாயங்காலமே ஏணி போட்டு டியூப்லைட்டைத் திரும்ப மாட்டினான். ஏணியை ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள். வலையை முடுக்கி, சக்கரத்தின் வேகத்தை மாற்றினான். படத்தில் மெல்லிய கோடுகள் விழுந்தன. விழட்டும் என்று விட்டுவிட்டு வந்தான். விபத்தை விசாரித்த அலுவலகத்துக்கும் நடந்ததை எழுதித் தபாலில் சேர்த்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அந்த வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டியதாகக் கேள்விப்பட்டான். பிற்பகலில் அவன் போனுக்கும் அது வந்தது. திறக்க மனம் வரவில்லை. அரை நாள் கழித்துத்தான் திறந்தான்.

வெயில். களம். தலைகுனிந்து நிற்கும் அவன். படத்தின் குறுக்கே, தொடக்கத்திலிருந்து கடைசிவரை, அசையாமல் ஒரு கறுப்புப் பட்டை. பட்டை அவன் தோளுக்குக் கீழே விழுந்திருந்தது. அதற்குள், ஆட்காட்டி விரலில் ரப்பர் வளையத்தோடு ஒரு கை தெரிந்தது. இந்த முறை உள்ளங்கை விரிந்திருக்கவில்லை. அவன் சட்டைக் கையை இறுகப் பற்றியிருந்தது, சாலை கடக்கும் பிள்ளையைத் தாய் பிடிப்பதுபோல.

கீழே ஜெசிந்தா ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

"அம்மா விரல்ல எப்பவும் அந்த ரப்பர் இருக்கும் சார்."

சவுரியம்மாள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ள அவனுக்குத் துணிவில்லை. இன்று வரைக்கும், வீட்டு மேஜை விசிறியோ, கரும்புச் சாறு மிஷினோ, சுற்றுகிற எதன் பக்கத்தில் போனாலும் அவன் சட்டைக் கை மெல்லப் பின்னால் இழுபடுகிறது. அவன் நின்றுவிடுகிறான். திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த முகத்தைப் பார்க்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும்.